சிலைக்குக் கீழே ஊர்ப்பெயர் மட்டும் ஏன்?

உங்கள் கேள்வி எனக்குப் புரிந்த அளவில் இதுதான். பத்தாம் வகுப்பு படிக்கும் பெண்ணை எழும்பூர் மியூசியத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறீர்கள். ஓவியங்கள் இருக்கும் கட்டடத்தில் ரவி வர்மா படத்துக்குக் கீழே ரவி வர்மா என்று எழுதியிருக்கிறது. வெண்கலச் சிலைகளுக்குக் கீழே ஊரும் நூற்றாண்டும் மட்டும்தான். "இதெல்லாம் செஞ்சவங்களுக்குப் பேரே இல்லையாப்பா?" என்று அவள் கேட்டிருக்கிறாள். கூட வந்த பெரியப்பா, "அந்தக் காலத்துச் சிற்பிங்க எல்லாத்தையும் ஆண்டவனுக்கே விட்டுட்டவங்க, பேரெல்லாம் போட்டுக்க மாட்டாங்க. வெள்ளைக்காரந்தான் மூலையில கையெழுத்துப் போடுவான்" என்று முடித்துவிட்டார். அது சரியா என்று கேட்கிறீர்கள்.

சரியில்லை. ஆனால் பெரியப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். ஓவியக் கல்லூரியில் படித்த காலத்தில் நானும் இதையே உருக்கமாகப் பேசிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். சொல்ல நன்றாக இருக்கும், கேட்பவருக்கும் பெருமையாக இருக்கும். சிக்கல் என்னவென்றால், ஓசூரைத் தாண்டினால் இந்த வாதம் நிற்காது.

பேலூருக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே 12ஆம் நூற்றாண்டு ஹொய்சளக் கோயிலில், கூரைக்குக் கீழே சாய்ந்து நிற்கும் பெண் சிற்பங்கள் சிலவற்றின் அடியில் செதுக்கியவரின் பெயர் இருக்கிறது. பள்ளிகாவியைச் சேர்ந்த தாசோஜர், அவர் மகன் சாவணர் என்று ஊரோடும் உறவோடும் வெட்டியிருக்கிறார்கள். அத்தோடு விடவில்லை, போட்டிச் சிற்பிகளை மட்டம் தட்டும் பட்டங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த நூற்றாண்டில் சோமநாதபுரத்தில் மல்லிதம்மா என்ற சிற்பியின் பெயர் சிலைக்குச் சிலை வருகிறது. அவர்கள் செதுக்கியதும் சாமிதான், அவர்களுக்கும் பக்தி உண்டு. பக்தி இருந்தால் பெயர் வராது என்பது உண்மையானால் இவர்களை எங்கே வைப்பது?

ஏறக்குறைய 2,500 ஆண்டுகளுக்கு முன் ஏதென்ஸில் யூதிமிடீஸ் என்ற ஓவியர் ஒரு மண்ஜாடியில் குடித்துவிட்டு ஆடும் ஆட்களை வரைந்து, பக்கத்திலேயே "யூஃப்ரோனியஸ் இப்படி ஒருநாளும் செய்ததில்லை" என்று எழுதி வைத்தார். யூஃப்ரோனியஸ் அதே ஊரில் தொழில் செய்த இன்னொரு ஓவியர். அந்த ஜாடி இப்போது மியூனிக்கில் இருக்கிறது. பேலூர் சாவணர் இதைப் படித்திருந்தால் ரசித்திருப்பார். ஜப்பானில் உன்கெய் என்ற சிற்பி 1176இல் முடித்த ஒரு புத்தர் சிலையின் பீடத்தில் தன் பெயரை எழுதினார். அதே சமயத்தில், வெள்ளைக்காரர்களின் நாடுகளில் பெரிய பெரிய தேவாலயங்களைச் செதுக்கிய கல்தச்சர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பெயர் கிடையாது. ஆகவே இது கிழக்கு மேற்கு விவகாரமே இல்லை.

பெயர் எங்கே எழுதப்படும் என்றால், அந்தப் பெயரால் யாருக்காவது ஆகவேண்டிய காரியம் இருக்கும் இடத்தில் எழுதப்படும். எழும்பூரிலேயே இதைக் கண்ணால் பார்க்கலாம்.

முதலில் அமராவதிச் சிற்பங்கள். இவற்றை அவசரமாகக் கடந்து வெண்கலத்துக்கு ஓடுகிறவர்கள்தான் அதிகம். ஆந்திராவில் கிருஷ்ணை ஆற்றங்கரையில் இருந்த பெரிய பௌத்தத் தூபியின் பலகைகள் இவை. 1845இல் வால்டர் எலியட் தோண்டி எடுத்து மதராசுக்கு அனுப்பினார். பின்னால் அதில் ஒரு பங்கு லண்டனுக்குக் கப்பலேறியது, இன்றும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. பளிங்கு என்று எல்லோரும் சொல்வார்கள். பளிங்கு இல்லை, பல்நாட்டுச் சுண்ணாம்புக்கல்.

அதில் நளகிரி யானையைப் புத்தர் அடக்கும் வட்டச் சிற்பம் ஒன்று உண்டு. அதன் முன்னால் பத்து நிமிடமாவது நில்லுங்கள். இடப்பக்கம் மதம் பிடித்த யானை தெருவில் பாய்கிறது, துதிக்கையில் ஒரு ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறான். தெருவில் இருந்தவர்கள் பதறி ஒதுங்குகிறார்கள். மேலே மாடி சன்னல்களில் தலைகள் நெரிகின்றன, நம்மூரில் தெருச்சண்டை என்றால் பால்கனிக்கு வருவோமே அப்படி. அதே வட்டத்தில் வலப்பக்கம் அதே யானை புத்தருக்கு முன் மண்டியிட்டுக் கிடக்கிறது. ஒரே யானை, ஒரே சட்டகத்துக்குள் இரண்டு தடவை. நேரம் இடமிருந்து வலமாக ஓடுகிறது. சாதாரணக் கையால் ஆகிற காரியமில்லை. அந்தக் கை யாருடையது என்று நமக்குத் தெரியாது.

ஆனால் அமராவதியில் பெயர்களுக்குப் பஞ்சம் இல்லை. பிராமி எழுத்தில், பிராகிருத மொழியில் பலகை பலகையாகப் பெயர்கள் இருக்கின்றன. வணிகர்கள், துறவிகள், பிக்குணிகள், இல்லத்தரசிகள் எல்லோரும் வருகிறார்கள். ஒன்றில் விதிகன் என்ற தோல்தொழிலாளி தன் தாய், மனைவி, சகோதரர்கள், பிள்ளைகள் எல்லோரையும் சேர்த்து, பூரணகும்பம் செதுக்கிய ஒரு பலகையைத் தன் கொடையாகப் பதிந்திருக்கிறான். பலகையைச் செதுக்கியவன் பெயர் இல்லை, பலகைக்குக் காசு கொடுத்த செருப்புத் தைப்பவன் பெயர் இருக்கிறது. காரணம், கொடுத்தவனுக்குத்தான் புண்ணியம் சேரவேண்டும். யார் கணக்கில் வரவு வைப்பது என்று தெரிய வேண்டாமா? செதுக்கியவனுக்குக் கூலி வந்தாயிற்று, கணக்கு முடிந்தது. இன்றைக்கும் நம் கோயில்களில் ட்யூப்லைட்டின் மேல் உபயம் போட்டவர் பெயர்தான் இருக்கிறது, லைட் செய்த கம்பெனியின் தொழிலாளி பெயரா இருக்கிறது?

இதைவிடப் பெரிய சாட்சி தஞ்சாவூர்ப் பெரிய கோயில். இராசராசன், அவன் அக்கா குந்தவை, தேவிமார், அதிகாரிகள் கொடுத்த திருமேனிகளைப் பற்றிய கல்வெட்டுகள் அங்கே நிறைய. எத்தனை விரல் உயரம், எத்தனை கை, உள்ளே கனமா பொள்ளலா, என்னென்ன நகை, அதில் எத்தனை முத்து என்று எல்லாம் விவரம். ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான் என்ற கோயில் அதிகாரி நாயன்மார் படிமங்களைக் கொடுத்த செய்தி இருக்கிறது. கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயரும், எந்தக் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதும் இருக்கிறது. தையற்காரர், நாவிதர், வண்ணார், கன்னார் ஆகியோருக்கான பங்குகள் இருக்கின்றன. பெருந்தச்சர் பெயர்கூட உண்டு: வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன். அந்தத் திருமேனிகளை வார்த்தவர் யார் என்பது மட்டும் இல்லை. 400 பெண்களுக்கு மாதாமாதம் இல்லையானாலும் வருடா வருடம் நெல் அளக்கவேண்டும், அதற்குப் பெயர்ப்பட்டியல் வேண்டும். வார்ப்பு வேலை ஒருமுறை முடிந்தால் முடிந்தது. கல்வெட்டு என்பது கோயிலின் வரவு செலவுப் பதிவேடு. அதில் கலை விமர்சனத்தைத் தேடினால் கிடைக்காது.

சரி, வார்த்தவர்கள் பேசவே இல்லையா? ஒரே ஒரு இடத்தில் குரல் கேட்கிறது, அதுவும் இங்கில்லை. நாகப்பட்டினத்தில் 1856இலிருந்து அடுத்த எண்பது ஆண்டுகளில் 350க்கு மேற்பட்ட பௌத்த வெண்கலங்கள் மண்ணிலிருந்து கிடைத்தன. அதில் பெரும்பகுதி எழும்பூருக்கு வந்தது. தலைக்கு மேல் தீச்சுடர் எழும் சின்னச் சின்னப் புத்தர்கள், பார்த்திருப்பீர்கள். அந்த ஊரில் சூடாமணி விகாரம் என்ற பள்ளியைக் கட்டியது கடல் கடந்த ஸ்ரீவிஜய அரசன், அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரை விட்டுக்கொடுத்தது இராசராசன். அந்தச் செப்பேடு போய்ச் சேர்ந்தது ஹாலந்தில் லெய்டனுக்கு. சைவ அரசன், சுமத்ரா மன்னன், பௌத்த விகாரம், வேலை செய்தது காவிரிக்கரைத் தச்சர்கள். வெளிநாட்டுக் கலைக்குத் தனியாக ஒரு கூடம் எழும்பூரில் இல்லையே என்று சிலர் குறைப்படுவார்கள். ஒரு சாண் உயரப் புத்தருக்குள்ளேயே இரண்டு நாடு இருக்கிறது!

அந்த நாகப்பட்டினப் புத்தர்களில் ஒன்று நியூயார்க் ஆசியா சொசைட்டியில் இருக்கிறது. அதன் பீடத்தில் தமிழ் எழுத்து. இராசேந்திரசோழப் பெரும்பள்ளி, அக்கசாலைப் பெரும்பள்ளி என்று வருகிறது. புத்தரை "ஆழ்வார்" என்கிறது, திருவிழாவுக்கு எழுந்தருளச் செய்தவர் பெயரைச் சொல்கிறது. கூடவே, "பதினெண் விஷயத்துக்கும் அக்கசாலைகள் நாயகர்" என்று அந்தப் புத்தரைப் போற்றுகிறது. அக்கசாலை என்றால் பொன், உலோக வேலை செய்யும் பட்டறை. பதினெட்டு நாட்டு உலோகத் தொழிலாளருக்கும் தலைவர் இந்தச் சாமி. தனி ஆள் கையெழுத்து இல்லை, ஒரு தொழிலே சேர்ந்து போட்ட கையெழுத்து. இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தனி ஆள் கையெழுத்து ஏன் பொருந்தாது என்பதற்குச் சுவாமிமலைக்கு ஒருமுறை போய்வந்தால் போதும். கல்லூரி முடித்த புதிதில் ஒரு பட்டறையில் நின்றுகொண்டு, முடிந்த நிலையில் இருந்த அம்மன் சிலையைக் காட்டி, "இது யார் செஞ்சதுண்ணே?" என்று கேட்டேன். வேலை செய்துகொண்டிருந்தவர் நிமிராமலே, "எந்த வேலையக் கேக்கறீங்க தம்பி?" என்றார். நியாயம்தானே. ஒடியோலை என்று தென்னங்கீற்றைக் கிழித்து மடித்துத் தால அளவு, அதாவது உடம்பின் விகிதக் கணக்கு, எடுப்பவர் பெரியவர். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடிப்பவர் ஒருவர். அதன்மேல் காவிரி வண்டலை மெல்லப் பூசி, காய வைத்து, கம்பி கட்டுவது இன்னொருவர். சூளையில் சுட்டு மெழுகை ஓடவிட்டு, உருக்கிய உலோகத்தை ஊற்றும்போது நாலு பேர் வேண்டும். மண்ணை உடைத்தபின் உளியும் அரமும் பிடித்து முடிப்பவர் வேறு. கண் திறப்பது மறுபடி பெரியவர். சோழர் காலத்துச் சிலைகளில் நுணுக்கமெல்லாம் பெரும்பாலும் மெழுகிலேயே முடிந்துவிட்டது, உளி வேலை குறைவு. இப்போது நேர்மாறு. அந்தக் காலத்துக்கும் சேர்த்து ஒரு பெயர் போடு என்றால் மெழுகு பிடித்தவரையா போடுவது, ஊற்றியவரையா?

இந்த இடத்தில் ரோதான் கதையைச் சொல்லியாக வேண்டும். பாரிஸில் இருந்த பெரிய சிற்பி, சிந்தனையாளன் சிலை செய்தவர். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. மதராஸ் மியூசியத்து நடராஜர்களின் புகைப்படங்களை ஒருவர் கொண்டுபோய்க் கொடுக்க, அதை மட்டும் பார்த்து 1913இல் சிவநடனம் பற்றி எழுதினார். முன்னால் இருந்து, பக்கவாட்டில் இருந்து, முக்கால் திருப்பத்தில் என்று ஒவ்வொரு கோணமாக, உடம்பு, உதடு, கால் என்று போகும் எழுத்து. அவர் இறந்து 4 ஆண்டு கழித்து 1921இல்தான் அச்சானது. அதில் முக்கியமானவர் நீங்கள் பார்த்த அதே திருவாலங்காட்டு நடராஜர். பெயரில்லாத ஒருவர் செய்ததைப் பெயர்பெற்ற ஒருவர் உருகி எழுதியதாக இதைச் சொல்வார்கள். நான் அதற்கு ஒரு அடிக்குறிப்பு போடுவேன். ரோதானின் பளிங்குச் சிலைகளை உளி பிடித்துச் செதுக்கியது பெரும்பாலும் அவருடைய உதவியாளர்கள். பின்னால் தானே பெரிய சிற்பியான பூர்தெல் அவர்களில் ஒருவர். வெண்கலங்களை ஊற்றியது வார்ப்புக்கூடங்கள், பல சிலைகளில் அலெக்ஸி ருதியே என்ற வார்ப்புக்கூடத்தின் முத்திரை இருக்கும். பட்டறை என்ற வகையில் பாரிஸுக்கும் சுவாமிமலைக்கும் பெரிய தூரமில்லை. ஒரு இடத்தில் பட்டறை முதலாளி பெயர் நின்றது, இன்னொரு இடத்தில் ஊர்ப்பெயர் நின்றது.

ஊர்ப்பெயர் நின்றதற்கு இன்னொரு காரணம் சட்டம். 1878இல் வந்த புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணிலிருந்து கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். படையெடுப்புக்குப் பயந்து எப்போதோ புதைத்த சாமிகள் ஏர் முனையிலும் கடைக்கால் தோண்டும்போதும் வெளியே வந்தன. கலெக்டர் அலுவலகக் கோப்பில் என்ன இருக்கும்? எந்த ஊர், எந்தத் தாலுகா, என்ன பொருள். எழும்பூருக்கு வந்த பெரும்பாலான வெண்கலங்கள் அந்தக் கோப்போடுதான் வந்தன. திருவெண்காடு, வடக்குப்பனையூர், நாகப்பட்டினம் என்று நீங்கள் படிக்கும் அட்டைகள் அந்தக் கோப்பின் வாரிசுகள். கோயிலில் இருந்தபோது அந்த நடராஜருக்குப் பட்டும் மாலையும் போக முகம்தான் தெரிந்திருக்கும். உடம்பின் வளைவை ஊர் மக்கள் பார்த்ததே இல்லை. அபிஷேகம் செய்கிற குருக்கள்தான் பார்த்திருப்பார். சிலைகளின் பீடத்தைக் கவனியுங்கள், ஊர்வலத்தில் தண்டு செருகவும் கயிறு கட்டவும் துளையோ வளையமோ இருக்கும். அது தோளில் போகிற சாமி. செய்தவர் பெயரைப் பீடத்தில் போட்டிருந்தால் படிக்க யார் இருந்தார்கள்?

ரவி வர்மா விஷயம் வேறு. அவர் சாமி படமும் வரைந்தார், ஆனால் படம் போனது கண்காட்சிக்கு. 1873இல் மதராஸில் நடந்த கண்காட்சியில், கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண்ணின் படத்துக்குத் தங்கப்பதக்கம் வாங்கினார். கண்காட்சி என்றால் யார் படம் என்று தெரிய வேண்டும், பதக்கம் யாருக்கு, அடுத்த ஆர்டர் யாருக்கு என்று ஆயிரம் இருக்கிறது. பெயரால் காரியம் ஆகிறது, பெயர் மூலைக்கு வருகிறது. 1894இல் பம்பாயில் அச்சகம் வைத்தபின் அந்தப் பெயர் வீட்டுக்கு வீடு பூஜையறையில் தொங்கியது. ஆனால் கையெழுத்தும் முழு உண்மை சொல்வதில்லை. அவர் தம்பி ராஜராஜ வர்மா கூடவே இருந்து, பின்னணி நிலக்காட்சிகளை வரைந்தார். அச்சுக்கல்லில் வண்ணம் வண்ணமாகப் பிரித்து வரைந்த கைவினைஞர்களை யாருக்குத் தெரியும்? அதே காலத்தில் தங்கரேக்கு ஒட்டிக் கல் பதித்த தஞ்சாவூர்ப் படங்கள் கையெழுத்தில்லாமலே விற்றன. வாங்குபவர் கிருஷ்ணரைத்தான் வாங்கினார், ஓவியரை வாங்கவில்லை.

காணாமல் போன பெயரை மீட்க முடியுமா என்றால், சில இடங்களில் முடிந்திருக்கிறது. இமயமலை அடிவாரத்துப் பஹாரி ஓவியங்களை ரொம்ப நாள் குலேர் பாணி, காங்ரா பாணி என்று ஊர் வைத்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள், நம் வெண்கலங்கள் மாதிரியே. பி. என். கோஸ்வாமி என்ற அறிஞர் ஹரித்துவாரில் பண்டாக்கள் என்ற தீர்த்தப் புரோகிதர்கள் வைத்திருக்கும் யாத்திரிகர் பதிவேடுகளைப் புரட்டினார். காரியம் செய்ய வந்தவர்கள் தங்கள் வம்சத்தை அதில் எழுதிவைப்பார்கள். அதிலிருந்து பண்டிட் சேவு, அவர் பிள்ளைகள் மானகு, நைன்சுக் என்று ஒரு ஓவியக் குடும்பமே எழுந்து வந்தது. நைன்சுக் 1763இல் தன் அரசரின் அஸ்தியைக் கரைக்கப் போனபோது, அந்தப் பதிவேட்டில் எழுதியதோடு நிற்காமல் ஒரு சித்திரமும் போட்டுவிட்டு வந்திருக்கிறார். கை சும்மா இருக்குமா?

ஆப்பிரிக்காவில் இன்னொன்று. நைஜீரியாவில் இகேரே அரண்மனைக்கு ஒலோவே என்ற யொரூபா சிற்பி செதுக்கிய கதவு 1924இல் லண்டன் வெம்ப்ளி கண்காட்சிக்குப் போனது. பிரிட்டிஷ் மியூசியம் கேட்டது. அரசர் சும்மா கொடுக்கவில்லை, இங்கிலாந்தில் செய்த ஒரு சிம்மாசனத்தைப் பதிலுக்கு வாங்கிக்கொண்டார். செய்தவர் பெயர் அங்கே அப்போது யாருக்கும் தெரியாது, அவர் ஊரில் அவரைப் பாட்டில் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். பெயர் இல்லை என்று நாம் சொல்லும்போது, நம் அட்டையில் இல்லை என்றுதான் பெரும்பாலும் பொருள்.

அடுத்த தடவை பெண்ணைக் கூட்டிப்போகும்போது ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். வெண்கலக் கூடத்தில் ஏதாவது நாலு சிலையைத் தேர்ந்து, காது மடல், விரல் நுனி, இடுப்பு முடிச்சு மூன்றையும் வரையச் சொல்லுங்கள். கிரேக்க ஜாடிகளில் கையெழுத்தில்லாத ஓவியர்களை ஜான் பீஸ்லி என்ற பிரிட்டிஷ் அறிஞர் பிரித்தறிந்தது இப்படித்தான், காது, கணுக்கால் என்று சின்ன வளைவுகளை வைத்து. சாமியின் முகம் சாஸ்திரம் சொன்னபடி இருக்கும், அதில் ஆளைப் பிடிப்பது கஷ்டம். யாரும் கவனிக்காத இடுப்பு முடிச்சில் கை தன் வழக்கப்படி போய்விடும். திருவெண்காட்டு அர்த்தநாரியில் ஆரம்பிக்கலாம். ஒரே உடம்பில் இரண்டு இடுப்பு, இரண்டு காது, ஒப்பிட வசதி.

வெள்ளிக்கிழமை போய்விடாதீர்கள், விடுமுறை. போன மாதம் நானே மறந்து, பாந்தியன் சாலை கேட்டுவரை போய்த் திரும்பினேன்.